சிட்னி வீட்டுக் கொல்லையில் தரைமேல் நீச்சல்குளம்: அனுமதியிலிருந்து வேலிச் சான்றிதழ் வரை

2020 ஜனவரி 4ஆம் தேதி பென்ரித்தில் வெயில் 48.9 டிகிரியைத் தொட்டது. அன்று மேற்கு சிட்னியில் இருந்தவர்களுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கும். டூங்காபி, வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் இருக்கும் நம் குடும்பங்களில் டிசம்பர் வந்தாலே பூல் பேச்சு தொடங்கிவிடுவது இந்த வெயிலால்தான். தோண்டிக் கட்டுவதற்குக் கையில் காசு இல்லாதவர்கள் தரைமேல் நிறுத்தும் குளத்தைப் பார்க்கிறார்கள். அது கடையில் பெட்டியாகவே கிடைக்கிறது. சனிக்கிழமை வாங்கினால் ஞாயிறு மாலை பிள்ளைகள் இறங்கிவிடலாம் என்று தோன்றும்.

எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. பெட்டியை வாங்கி வந்த பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். அனுமதி, வேலி, பரிசோதனை என்று எல்லாம் முடிந்து பிள்ளைகள் தண்ணீரில் கால் வைக்கும்போது கோடையில் பாதி போய்விட்டது. பெட்டியை வாங்குவதற்கு முன்பே வேலியைத் திட்டமிடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இதில் உள்ளதெல்லாம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கு உரியது. மெல்பர்னிலும் பிரிஸ்பேனிலும் விதிகள் வேறு.

எது நீச்சல்குளம்?

இங்கே 1992ஆம் ஆண்டின் நீச்சல்குளச் சட்டம்தான் அடிப்படை. 300 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமாகத் தண்ணீர் நிரப்பக்கூடிய எதுவும், குளிக்கவோ நீந்தவோ பயன்படுவதாக இருந்தால், அந்தச் சட்டத்துக்கு நீச்சல்குளம்தான். 300 மில்லிமீட்டர் என்பது பள்ளிப் பிள்ளையின் பையில் இருக்கும் ஸ்கேலின் நீளம், அவ்வளவே. காற்றடைத்த குளம், இரும்புச் சட்டத்தில் துணி மாட்டிய குளம், தகட்டுச் சுவர் வைத்த குளம் எல்லாமே இதில் வரும்.

"நிரப்பக்கூடிய" என்ற சொல்லைக் கவனியுங்கள். 75 சென்டிமீட்டர் உயரக் குளத்தை வாங்கிவிட்டு, "நாங்கள் 25 சென்டிமீட்டர்தான் ஊற்றுவோம், வேலி வேண்டாம்" என்று சொல்ல முடியாது. எவ்வளவு ஊற்றுகிறீர்கள் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை, எவ்வளவு கொள்ளும் என்பதைத்தான் பார்க்கிறது.

கைக்குழந்தைகள் விளையாடும் சின்னத் தொட்டி 300 மில்லிமீட்டருக்குள் இருந்தால் வேலி தேவையில்லை. ஆனாலும் விளையாடி முடித்த உடனே தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள். குழந்தை மூழ்குவதற்குச் சில அங்குலத் தண்ணீரே போதும். அதுவும் சத்தமே இல்லாமல் நடந்துவிடும்.

படி 1: இடம் யாருடையது?

சொந்த வீடு என்றால் அடுத்த படிக்குப் போங்கள். வாடகை வீடு என்றால் முதலில் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வேலி அமைப்பதும் பதிவு செய்வதும் சட்டப்படி வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. நீங்கள் சொல்லாமல் ஒரு காற்றடைத்த குளத்தைப் போட்டால் அபராதம் அவர் தலையில் விழும். பயன்படுத்தாத நேரத்தில் கேட்டை மூடி வைப்பதோ குடியிருப்பவரின் கடமை. அது வாடகைக்காரரையும் சேரும். டவுன்ஹவுஸ், டூப்ளெக்ஸ் போல ஸ்ட்ராட்டாவில், அதாவது பொது இடங்கள் எல்லா உரிமையாளர்களுக்கும் கூட்டாக உள்ள வளாகத்தில் இருப்பவர்கள் உரிமையாளர் சங்கத்திடமும் கேட்க வேண்டும்.

படி 2: நிலத்தின் குறைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

வீடு வாங்கியபோது ஒப்பந்தத்தோடு வந்த 10.7 திட்டச் சான்றிதழைத் தேடி எடுங்கள். வெள்ள அபாயம், காட்டுத்தீ அபாயம், பாரம்பரியப் பட்டியல் போன்றவை அதில் இருக்கும். இவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் நிலத்துக்கு இருந்தால் அனுமதி வாங்கும் பாதையே மாறிவிடும்.

அப்புறம் கழிவுநீர்க் குழாய். சிட்னி புறநகர்களில் பல வீடுகளின் கொல்லைக்கு அடியிலேயே குடிநீர், கழிவுநீர் நிறுவனமான சிட்னி வாட்டரின் கழிவுநீர்க் குழாய் ஓடுகிறது. உங்கள் மனைக்கான கழிவுநீர் வரைபடத்தைப் பணம் கட்டி வாங்கலாம். குழாய்க்கு மேலோ பக்கத்திலோ குளம் வருவதாக இருந்தால் 'டாப் இன்' என்ற அவர்களின் இணையச் சேவையில் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். தரைமேல் குளம்தானே என்று இதை விட்டுவிடாதீர்கள்.

எடையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று தெரியும். 4.5 மீட்டர் விட்டமுள்ள வட்டக் குளத்தில் 1.1 மீட்டர் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 17,500 லிட்டர், அதாவது 17.5 டன். அவ்வளவும் ஒரே இடத்தில் உட்காரும். மண்ணைச் சமப்படுத்தாமல் நிறுத்தினால் ஒரு பக்கம் தாழ்ந்து சுவர் பிதுங்கிவிடும். வேலிக் கம்பத்துக்குக் குழி தோண்டும் முன் 'பிஃபோர் யூ டிக்' சேவையில் நிலத்தடிக் கேபிள், எரிவாயுக் குழாய் விவரங்களைக் கேட்டு வாங்குங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

படி 3: எந்த வழியில் அனுமதி?

மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, அனுமதியே தேவைப்படாத விலக்கு. 2008ஆம் ஆண்டின் மாநிலத் திட்ட விதிகளில் எடுத்து மாற்றக்கூடிய குளங்களுக்கு இந்த விலக்கு உண்டு. ஆனால் கொள்ளளவுக்கு வரம்பு இருக்கிறது. எல்லாப் பக்க எல்லைகளிலிருந்தும் குறைந்தது 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், நிறுத்துவதற்குக் கட்டுமான வேலை எதுவும் தேவைப்படக் கூடாது. வாங்க நினைக்கும் குளத்தின் லிட்டர் அளவைச் சொல்லி, இதற்குள் அடங்குமா என்று உங்கள் உள்ளூர் கவுன்சிலின் திட்டப் பிரிவில் கேளுங்கள். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். இன்னொன்று, இந்த விலக்கு திட்ட அனுமதிக்கு மட்டும்தான். வேலிக்கும் பதிவுக்கும் விலக்கு கிடையாது. பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது, சி.டி.சி. (Complying Development Certificate) என்று எல்லோரும் சொல்லும் சான்றிதழ். உங்கள் திட்டம் வரையறுத்த அளவுகளுக்குள் இருந்தால் கவுன்சிலோ, கட்டுமானத்தைப் பார்த்துச் சான்று தரும், பதிவு பெற்ற தனியார் சர்டிஃபையரோ இதைக் கொடுக்கலாம். சாதாரணப் புறநகர் மனைகளுக்குப் பெரும்பாலும் இதுவே நேர்வழி. தண்ணீர் விளிம்பு பக்க எல்லையிலிருந்தும் பின் எல்லையிலிருந்தும் குறைந்தது 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பம்ப்பைச் சத்தம் அடக்கும் கூட்டுக்குள் வைக்க வேண்டும்.

தரைமேல் குளம் வாங்குபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது மரத்தளத்தில். குளத்தின் விளிம்பு உயரத்துக்கே ஒரு டெக் போட்டுவிட்டால் ஏணி ஏறாமல் நேராக இறங்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் சி.டி.சி. வழியில் குளத்தைச் சுற்றிய டெக் தரை மட்டத்திலிருந்து 600 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. 1.2 மீட்டர் உயரக் குளத்துக்கு விளிம்பு வரை டெக் வேண்டுமென்றால் மூன்றாவது வழிக்குத்தான் போக வேண்டும்.

அந்த மூன்றாவது வழி டி.ஏ., அதாவது கவுன்சிலில் முழு விண்ணப்பம். காலமும் கட்டணமும் கூடும், பக்கத்து வீட்டாருக்கும் தகவல் போகலாம். மனை சிறிதாகவோ பாரம்பரியப் பட்டியலில் இருப்பதாகவோ இருந்தால் வேறு வழியில்லை.

கொள்ளளவு 40,000 லிட்டர் அல்லது அதற்கு மேல் என்றால் 'பேசிக்ஸ்' என்ற நீர், மின்சாரச் சிக்கனச் சான்றிதழும் வேண்டும். 5.5 மீட்டர் விட்டத்தில் 1.2 மீட்டர் ஆழம் என்றால் சுமார் 28,500 லிட்டர்தான், அது தப்பிவிடும். 7.3 மீட்டர் விட்டம் ஏறக்குறைய 50,000 லிட்டர் கொள்ளும், அதற்குச் சான்றிதழ் வேண்டும். உங்களுக்கு உண்மையில் எவ்வளவு பெரிது தேவை என்று இங்கே ஒருமுறை யோசியுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 4.5 மீட்டர் தாராளம் என்பது என் அனுபவம்.

படி 4: வேலைக்கு ஆள்

கூலியும் பொருளும் சேர்த்து 5,000 டாலருக்கு மேல் போகும் வேலையை உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும், அதற்கு எழுத்து ஒப்பந்தமும் வேண்டும். முன்பணமாக 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. 20,000 டாலரைத் தாண்டினால் வீட்டுக் கட்டுமானக் காப்பீட்டுச் சான்றைக் காட்டாமல் அவர் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. நீங்களே முன்நின்று செய்வதாக இருந்து, வேலையின் மதிப்பு 10,000 டாலரைத் தாண்டினால் உரிமையாளர்-கட்டுநர் அனுமதி எடுக்க வேண்டும். தெரிந்தவர், ஊர்க்காரர் என்று வாய்ப்பேச்சில் வேலையைக் கொடுத்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் "வேலி ஏஎஸ் 1926.1 தரத்துக்கு (குளவேலிக்கான ஆஸ்திரேலியத் தரம்) இணங்க இருக்கும்" என்ற வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். நாங்கள் சேர்க்கவில்லை. அதனால் கேட் தேறாதபோது யார் செலவில் மாற்றுவது என்று வீணாக வாதாட வேண்டியிருந்தது.

படி 5: வேலி

பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். நீச்சல்குளத்தில் அதிக ஆபத்து ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு. அந்தக் குழந்தையால் ஏற முடியாமல், நுழைய முடியாமல், திறக்க முடியாமல் இருப்பதுதான் வேலி. ஒவ்வொரு அளவும் குழந்தையின் கை, கால், தலையை மனதில் வைத்து எழுதப்பட்டது.

உயரம் வெளிப்பக்கத்திலிருந்து குறைந்தது 1.2 மீட்டர். அடியில் தரைக்கும் வேலிக்கும் இடையே 100 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. நிமிர்ந்த கம்பிகளுக்கு நடுவிலும் அதே 100. படுக்கைக் கம்பிகள் கால் வைக்க உதவும் என்பதால் ஒன்றுக்கொன்று குறைந்தது 900 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

வேலிக்கு வெளியே 900 மில்லிமீட்டர் தூரத்துக்குள் ஏறுவதற்கு உதவும் எதுவும் இருக்கக் கூடாது. இதை ஏற முடியாத பகுதி என்கிறார்கள். பூந்தொட்டி, நாற்காலி, பார்பிக்யூ அடுப்பு, ஏசியின் வெளிப்பெட்டி, தாழ்ந்த மரக்கிளை, கறிவேப்பிலைச் செடி வைத்த பெரிய தொட்டி எல்லாமே இதில் அடங்கும். எங்கள் வேலி முதல் பரிசோதனையில் தேறாததற்கு ஒரு காரணம், வேலி ஓரமாக அம்மா அடுக்கி வைத்திருந்த செங்கற்கள். இன்னொரு காரணம், மழையில் மண் கரைந்து அடி இடைவெளி ஒரு மூலையில் 120 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. போட்ட அன்று சரியாக இருந்த வேலிதான். அதனால் வேலிக்கு அடியில் மண்ணுக்குப் பதிலாக ஒரு வரிசை கான்கிரீட் கல் பதித்துவிடுங்கள்.

எல்லைச் சுவரையோ பக்கத்து வீட்டு வேலியையோ குளவேலியின் ஒரு பக்கமாகப் பயன்படுத்தலாம். அப்போது அது உங்கள் பக்கம் அளந்து 1.8 மீட்டர் இருக்க வேண்டும். இங்கே ஏற முடியாத 900 மில்லிமீட்டர் உங்கள் பக்கம், வேலியின் மேல்முனையிலிருந்து கீழ்நோக்கி. காலப்போக்கில் மண் கொட்டித் தோட்டப் பாத்தி உயர்ந்திருந்தால் 1.8 குறைந்து போயிருக்கும். அளந்து பாருங்கள்.

வீட்டுச் சுவரும் வேலியின் பக்கமாகலாம், ஆனால் புதிய குளத்துக்கு அந்தச் சுவரிலிருந்து குளப்பகுதிக்கு நேராகத் திறக்கும் கதவு கூடாது. வீட்டுக்குள்ளிருந்து போகிறவரும் வேலியின் கேட் வழியாகத்தான் போக வேண்டும். தாழ்வான ஜன்னல் என்றால் 100 மில்லிமீட்டருக்கு மேல் திறக்காதபடி தடுப்பு போட வேண்டும், அல்லது கம்பி அடிக்க வேண்டும்.

சரி, குளத்தின் சுவரே 1.2 மீட்டர் உயரம் இருக்கிறதே, அதையே வேலியாகக் கொள்ளலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சுவர் வழவழப்பாக இருந்தாலும் வடிகட்டிப் பெட்டி, குழாய், இரும்புச் சட்டத்தின் கால், ஏணி எல்லாம் ஏறுவதற்குப் படியாகிவிடும். அதனால் குளச்சுவரைப் போதுமான தடுப்பாக ஏற்பதில்லை என்று சொல்லும் கவுன்சில்கள் உண்டு. ஏணியைக் கழற்றி வைப்பதும், மேலே மூடி விரிப்பதும் வேலிக்கு ஈடாகாது. பூட்டும் மூடிக்கான சலுகை ஸ்பா தொட்டிக்கு மட்டுமே. எனவே தனி வேலிக்கு ஆகும் செலவை முதல் நாளே கணக்கில் சேருங்கள். எங்களுக்கு வேலிதான் குளத்தைவிட அதிகச் செலவு வைத்தது.

இனி கேட். இது குளத்தை விட்டு விலகி, வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். எந்த நிலையில் கைவிட்டாலும் தானாக மூடித் தானாகத் தாழிட வேண்டும். பரிசோதகர் கேட்டை விரியத் திறந்து விடுவார், அப்புறம் தாழ்ப்பாளின் மேல் மெல்லச் சாய்த்து வைத்தும் விடுவார். இரண்டிலும் அது பூட்டிக்கொள்ள வேண்டும். தாழ்ப்பாளின் பிடி தரையிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் குழந்தையின் கை எட்டாதபடி மறைப்பு வேண்டும். எங்கள் கேட்டை உள்பக்கமாகத் திறக்கும்படி மாட்டியிருந்தார்கள். கழற்றித் திருப்பி மாட்ட ஒரு வாரம் போனது.

படி 6: பலகை

குளத்துக்கு அருகில், தெளிவாகத் தெரியும் இடத்தில் சி.பி.ஆர்., அதாவது நின்றுபோன மூச்சையும் இதயத்தையும் மீட்கும் முதலுதவியைக் காட்டும் பலகை இருக்க வேண்டும். 3 மீட்டர் தூரத்திலிருந்து படிக்க முடிய வேண்டும். குழந்தைகளைக் கண்காணிக்க வேண்டும், கேட்டை எப்போதும் மூடி வைக்க வேண்டும், வேலியிலிருந்து 900 மில்லிமீட்டர் தள்ளிப் பொருள்களை வைக்க வேண்டும் என்ற மூன்று அறிவுறுத்தல்களும் அதில் இருக்க வேண்டும். பூல் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வெயிலில் எழுத்து மங்கினால் மாற்றுங்கள். வீட்டில் தாத்தா, பாட்டி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் அதன் சாரத்தைத் தமிழில் எழுதிப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அதை எந்தச் சட்டமும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

படி 7: மின்சாரம்

பம்ப்புக்கான இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் கொடுக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சும் அதில் இருக்க வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்துப் புல்வெளியில் போட்டு ஓட்டுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

படி 8: பதிவும் சான்றிதழும்

மாநிலத்தின் நீச்சல்குளப் பதிவேட்டில் ஒவ்வொரு குளத்தையும் பதிவது 2013 முதல் கட்டாயம். இணையத்தில் நீங்களே இலவசமாகப் பதியலாம். இணையம் பழக்கமில்லாதவர்களுக்குக் கவுன்சில் சிறு கட்டணத்துக்குப் பதிந்து தரும். பதியும்போது உங்கள் வேலி விதிக்கு இணங்க இருக்கிறதா என்று நீங்களே சரிபார்த்து உறுதி சொல்ல வேண்டும். அந்தத் தளத்திலேயே சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது. அளவு நாடாவோடு வேலியைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பதியாமல் விட்டால் 220 டாலர் அபராதம், நீதிமன்றம் போனால் 2,200 வரை. வேலி சரியில்லை என்றால் 550 டாலர், நீதிமன்றத்தில் 5,500 வரை.

அனுமதி பெற்றுக் கட்டியிருந்தால் வேலை முடிந்ததும் அதே சர்டிஃபையர் வந்து பார்த்து, பயன்பாட்டுச் சான்றிதழ் தருவார். வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ போகும்போது இணக்கச் சான்றிதழோ, 3 ஆண்டுக்குள் வாங்கிய பயன்பாட்டுச் சான்றிதழோ தேவைப்படும். 2016 ஏப்ரல் 29 முதல் இது நடைமுறையில் இருக்கிறது, ஓர் இணக்கச் சான்றிதழ் 3 ஆண்டுக்குச் செல்லும். கவுன்சில் பரிசோதகருக்கு முதல் வருகைக்கு 150 டாலர், இரண்டாவது வருகைக்கு 100 டாலர் என்று உச்சவரம்பு உண்டு. தனியார் தாங்களே கட்டணம் வைப்பார்கள். வேலி விதிக்கு இணங்கவில்லை என்று சொல்லும் இணங்காமைச் சான்றிதழை ஒப்பந்தத்தோடு இணைத்தும் விற்பவர் விற்கலாம். அப்போது வேலியைச் சரிசெய்யும் பொறுப்பு வாங்குபவருக்குப் போகும், அவருக்கு 90 நாள் அவகாசம். ஏற்கெனவே குளம் உள்ள வீட்டை வாங்கப் பார்க்கிறவர்கள், இதில் எந்தச் சான்றிதழ் இணைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தண்ணீரை எப்போது நிரப்புவது? வேலி முழுவதும் எழுந்து கேட் பூட்டிய பிறகுதான். கசிவு இருக்கிறதா என்று பார்க்கப் பாதி நிரப்பினாலும் அது 300 மில்லிமீட்டரைத் தாண்டிய தண்ணீர்தான்.

படி 9: பக்கத்து வீடும் வடிகாலும்

பம்ப்பின் சத்தம் பக்கத்து வீட்டின் அறைக்குள் கேட்கக் கூடாத நேரம் சட்டத்தில் இருக்கிறது. வார நாள்களில் இரவு 8 முதல் காலை 7 வரை, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் காலை 8 வரை. டைமரை அதற்கேற்பப் போட்டுவிடுங்கள்.

வடிகட்டியைக் கழுவும் தண்ணீரையும், கோடை முடிந்து வெளியேற்றும் தண்ணீரையும் தெருவோர மழைநீர் வடிகாலில் விடக் கூடாது. அது நேராக ஓடைக்கும் ஆற்றுக்கும் போகிறது, குளோரின் அங்குள்ள மீன்களைக் கொன்றுவிடும். வீட்டுக் கழிவுநீர் இணைப்பில்தான் விட வேண்டும், அதுவும் மெதுவாக. கழிவுநீர் இணைப்பே இல்லாத மனை என்றால் கவுன்சிலிடம் தனி அனுமதி பெற வேண்டும்.

படி 10: குளத்தை எடுத்துவிட்டால்

பிள்ளைகள் வளர்ந்து குளத்தைக் கழற்றும்போது முதலில் தண்ணீரை முழுவதும் வெளியேற்றுங்கள், வேலியை அதற்கு அப்புறம் எடுங்கள். பாதி வடிந்த குளத்தில் மழைநீர் சேர்ந்து பச்சையாகிக் கிடப்பதைக் கொல்லைகளில் பார்க்கலாம். அதுவும் சட்டப்படி குளம்தான், அதைச் சுற்றியும் வேலி நிற்க வேண்டும். கழற்றி முடித்ததும் வெற்றிடத்தைப் படம் எடுத்துக் கவுன்சிலுக்கு அனுப்பி, பதிவேட்டிலிருந்து உங்கள் முகவரியை நீக்கச் சொல்லுங்கள். நீக்காவிட்டால் சில வருடம் கழித்து வீட்டை விற்கும்போது, இல்லாத குளத்துக்குச் சான்றிதழ் எங்கே என்று வழக்கறிஞர் கேட்பார்.